மூன்று மணி அரிப்பு

ஆகஸ்ட் 26, திங்கள்

தோல் டாக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். "என்ன சாப்பிடுறீங்க, எப்ப அரிக்குது, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்கம்மா" என்றார். மூன்று வாரமாக அவரிடம் போகிறேன். ஒருமுறைகூட நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காதவர், என் கையெழுத்தையா படிக்கப்போகிறார்? இருந்தாலும் அரிசி மண்டியில் கொடுத்த டைரி எட்டு மாதமாகச் சும்மா கிடக்கிறது. முதல் பக்கத்தில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மண்டி முதலாளியும் நிற்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே அளவு மாலை.

பெயர் குணவதி. வயது நாற்பத்தெட்டு. திண்டுக்கல்லில் நல்லுசாமி பிரியாணிக் கடை இருக்கிறதே, அந்த நல்லுசாமியின் மனைவி. கடை போர்டில் அவர் மீசை மட்டும் இரண்டடி. என் படம் ரேஷன் கார்டில் இருக்கிறது.

இன்று சாப்பிட்டது: காலையில் இரண்டு இட்லி. மதியம் ரசம் சோறு, அப்பளம். மாலை ஒரு டீ. சரியாக மூன்று மணிக்கு அரிப்பு. முதலில் உள்ளங்கை, பிறகு இடுப்பு, பிறகு எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை. திட்டுத்திட்டாகத் தடிப்பு. ஆறு மணிக்குத் தானாகப் போய்விட்டது.

பத்தரை மணிக்குக் கடை அடுப்படியில் உப்பு பார்க்க ஒரு கரண்டி மசாலாவும், வேக்காடு பார்க்க இரண்டு துண்டு கறியும் வாயில் போட்டேன். அது சாப்பாட்டில் சேராது. அது வேலை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கடை விடுமுறை. அரிப்பும் விடுமுறை.

ஆகஸ்ட் 29, வியாழன்

நேற்றும் மூன்று மணி, இன்றும் மூன்று மணி. ரயில்கூட இவ்வளவு சரியாக வருவதில்லை.

என் வீட்டுக்காரர் மூன்று வாரமாக ஆராய்ச்சி செய்கிறார். மதியம் நான் படுக்கிற பாய்தான் காரணம் என்று முதலில் கண்டுபிடித்தார். பாய் போனது. அடுத்தது தலையணை, அதுவும் போனது. இப்போது மூன்று மணி சீரியல். "அந்த மாமியாக்காரி அழுவுறதப் பாத்தா எனக்கே அரிக்குது" என்கிறார். டிவியையும் நிறுத்தியாயிற்று. இப்போது வெறும் தரையில், தலையணை இல்லாமல், சுவரைப் பார்த்தபடி அரித்துக்கொண்டு கிடக்கிறேன்.

இவருடைய அக்கா பவுனுத்தாய் மதினி அடுத்த தெருவில்தான் இருக்கிறார். அவரும் தன் பங்குக்குக் கத்திரிக்காய், கருவாடு, மாங்காய், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். ஓசூரில் இருக்கும் மகள் போனில், "ரெஸ்ட் எடும்மா" என்றாள். பெற்று வளர்த்ததற்கு அந்தளவுக்காவது யோசனை சொல்கிறாளே.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மதினி தூக்குவாளியோடு வந்தார். "ரத்தம் கெட்டுப்போச்சுடி குணவதி. கீரையும் ரசமும் குடிச்சா ரத்தம் எங்கிருந்து ஊறும்? ஆட்டுக்கால் சூப்பு. மொளகு தட்டிப் போட்டு நாலு மணி நேரம் கொதிக்க விட்டுருக்கேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடி." நின்று பார்த்துக் குடிக்க வைத்தார்.

இன்று கொஞ்சம் சீக்கிரம், இரண்டரைக்கே வந்துவிட்டது. காது மடல் இரண்டும் வடை மாதிரி உப்பிவிட்டன. மதினிக்குச் சொல்லி அனுப்பினேன். "நல்லது, கெட்ட ரத்தம் வெளிய வருது. நாளைக்கும் கொண்டாரேன்" என்று பதில் வந்தது.

ஆகஸ்ட் 31, சனி

காலையில் கைமறதியாக இவர் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன். முழு டம்ளரையும் குடித்துவிட்டு "அளவா இருக்கு" என்றார். மனைவி மேல் அவ்வளவு மரியாதை.

ஒரு காலத்தில் ரசத்தில் புளி ஒரு துளி கூடினால் தட்டு பறக்கும். நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கொரோனாக் காய்ச்சல் வந்து எழுந்த பிறகு ஆளே மாறிவிட்டார். எதைப் போட்டாலும் அளவாக இருக்கிறது. காய்ச்சல் சிலருக்குக் குணத்தைத் திருத்தும் போலிருக்கிறது.

மாலை டீயில் வேண்டுமென்றே உப்புப் போட்டேன். அதுவும் அளவாகத்தான் இருந்தது.

மூன்று மணி: வழக்கம்போல.

செப்டம்பர் 4, புதன்

யூடியூபில் போடுவதற்கு இரண்டு பேர் கேமராவோடு வந்தார்கள். இவர் புது வேட்டி கட்டி, மீசைக்கு எண்ணெய் தடவி, பிரியாணித் தேக்சா பக்கத்தில் நின்றார். "அண்ணே, உங்க கைப்பக்குவத்தோட ரகசியம் என்ன?" என்று கேட்டார்கள்.

"உப்பு உறைப்பெல்லாம் நாம நாக்குல வச்சுப் பாக்குறதில்ல தம்பி. மூடியத் தெறந்தா ஆவி வருது பாருங்க, அத மோந்தே சொல்லிருவேன். அது பரம்பரையா வர்றது" என்றார்.

சுவருக்குப் பின்னால் கரண்டியோடு நின்றிருந்தேன். அரை மணி முன்பு அந்தத் தேக்சாவுக்கு ஒன்றரைக் கைப்பிடி உப்பு சேர்த்தது எந்தப் பரம்பரை என்று தெரியவில்லை. பாத்திரம் கழுவும் மயிலாத்தா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் வெங்காயம் பார்க்கப் போய்விட்டோம்.

மயிலாத்தா பன்னிரண்டு வருஷமாகக் கடையில் இருக்கிறாள். தினமும் பதினோரு மணிக்கு முதல் தட்டுப் பிரியாணி அவளுக்குத்தான். சாப்பிட்டுவிட்டு, "நேத்தைக்கு இன்னைக்கு ஒரு கல்லு உப்பு கூடக்கா" என்பாள். சரியாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 8, ஞாயிறு. ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு தேக்சா. ஏழிலும் உப்பு பார்த்தேன். மேற்கொண்டு மதினி கொண்டுவந்த சுவரொட்டி வறுவல், ஆட்டு மண்ணீரல். ரத்தம் ஊறுமாம்.

மூன்று மணிக்கு உதடு தடித்தது. மூன்றேகாலுக்கு மூச்சு விசில் அடித்தது. பிறகு மயிலாத்தா, "அய்யா, அக்கா கண்ணு சொருகுது" என்று கத்தியது மட்டும் காதில் விழுந்தது. ஆட்டோவில் இவர் மடியில் தலை. தொடையில் ஊசி போட்டார்கள். பத்து நிமிஷத்தில் உயிர் திரும்பி வந்தது. செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். பயமாக இருந்தது. இதில் கிண்டல் செய்ய ஒன்றும் தோன்றவில்லை.

இவர் கட்டில் பக்கத்தில் நின்று வாய்விட்டு வேண்டிக்கொண்டார். "கருப்பா, இவள எந்திரிக்க வச்சிரு, உனக்குக் கருங்கெடா வெட்டிப் பொங்கல் வைக்கிறேன்." குரல் நடுங்கியது. அதை எழுதி வைக்கிறேன், பின்னால் இவர் மறுப்பார்.

டியூட்டியில் இருந்த சின்ன வயசு டாக்டர் மதுரையில் ஒரு அலர்ஜி டாக்டர் பேரை எழுதிக் கொடுத்தார். இவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 9, திங்கள்

மதினி வந்தார். தூக்குவாளியோடு.

செப்டம்பர் 12, வியாழன்

சட்டையை நானே துவைத்தேன். சீட்டு மாவாகிவிட்டது. இவருக்கு ஞாபகமே வரவில்லை. துவைப்பதற்கு முன்பே பேரைப் படித்து வைத்துக்கொண்டேன் என்பது அவருக்குத் தெரியாது. டாக்டர் ரெஹானா, அலர்ஜி.

காலையில் கடையில் கேஸ் குழாய் கசிந்திருக்கிறது. பின்பக்கத் தொட்டியடியில் இருந்த மயிலாத்தா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து மூடினாள். அடுப்பை ஒட்டிய நாற்காலியில்தான் இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் கையில் இருந்தால் இவருக்கு உலகமே தெரியாது. அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்தது. மாமனார் காலத்துப் பழக்கம், ஒரு மாதம் கடை மூடல். வீட்டிலும் கவிச்சி கிடையாது. கடைக்கு வெள்ளையடிப்பு, போர்டில் மீசைக்குப் புதுக் கறுப்புப் பெயிண்ட்.

வேண்டுதலுக்கான கருங்கிடாக்குட்டியை இவர் இப்போதே வாங்கிப் பின்கட்டில் கட்டிவிட்டார். தீவனம் வைக்கிற வேலை யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

பதின்மூன்று நாளாக அரிப்பு இல்லை. ஒரு தடிப்புகூட இல்லை.

மதினிக்குப் பெருமை தாங்கவில்லை. "சனிக்கெழம பெருமாளுக்கு வெளக்குப் போட்டேன்ல? அவருதான் பாத்துக்கிட்டாரு. இனிமே ஒடம்பத் தேத்தணும்டி. பொரட்டாசி முடியட்டும், தெனம் சூப்பு."

மதியம் சாம்பார் ஊசிப்போயிருந்தது. நான் தட்டை நகர்த்தி வைத்தேன். இவர் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். பெருமாள் இவர் வயிற்றையும் பார்த்துக்கொள்ளட்டும்.

அக்டோபர் 8, செவ்வாய்

சும்மா இருக்கிற நேரத்தில் டைரியைத் திருப்பிப் பார்த்தேன். கடை திறந்த நாளெல்லாம் அரிப்பு. செவ்வாய் செவ்வாய் இல்லை. புரட்டாசி முழுக்க இல்லை. சூப்புக் குடித்த நாள் காது உப்பியது. சுவரொட்டி தின்ற நாள் ஆஸ்பத்திரி.

அதையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டவள் நான். இந்தக் கணக்கு புரிகிறது.

மதுரைக்குப் போன் செய்து நேரம் வாங்கினேன். இவரிடம் மீனாட்சி கோயிலுக்குப் போய்வருகிறேன் என்றேன்.

அக்டோபர் 14, திங்கள்

டாக்டர் ரெஹானாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். டைரியை வாங்கி உட்கார்ந்து படித்தார். முதல் பக்கத்திலிருந்து, ஒரு வரி விடாமல். டீயில் உப்புப் போட்ட இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தைத் திருப்பினார்.

"அம்மா, மொத டாக்டர்கிட்ட உப்பு பாக்குறதச் சொன்னீங்களா?"

"அது சாப்பாடு இல்லையே டாக்டர்."

"வாய்ல போட்டு முழுங்குறீங்கள்ல?"

"ஆமா."

"அப்புறம்?"

கல்யாணமாகி வந்ததிலிருந்து உப்பு பார்க்கிறேன். அதைச் சாப்பாடு என்று யாரும் சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை. உட்கார்ந்து, இலை போட்டு, ஒருத்தர் பரிமாறினால்தானே சாப்பாடு?

அடுத்து, "உண்ணி கடிச்சிருக்கா?" என்று கேட்டார். கடைக்குப் பின்கட்டில் வெட்டுக்கு வரும் ஆடுகளை இரண்டு நாள் கட்டி வைப்போம். அகத்திக்கீரை போடுவது நான். ஆனி மாதம் முழங்காலுக்குப் பின்னால் ஒரு உண்ணி ஒட்டியிருந்ததைப் பிய்த்துப்போட்டு மஞ்சள் வைத்தேன். அந்த இடம் ஒரு மாதம் நமைத்தது. அதைச் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

உண்ணி எச்சிலில் ஒரு சர்க்கரைப் பொருள் இருக்குமாம், ஆல்பா கேல் என்று பேர். ஆடு, மாடு, பன்றிக் கறியிலும் அது உண்டு. கடித்த உண்ணி நம் உடம்புக்கு அதை எதிரியாக அறிமுகம் செய்துவிட்டுப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு கறி தின்றால் உடம்பு சண்டைக்குக் கிளம்பும். உடனே இல்லை, நான்கைந்து மணி நேரம் கழித்து. அதனால்தான் யாரும் கறியைச் சந்தேகப்படுவதில்லை. பாயையும் சீரியலையும் சந்தேகப்படுகிறார்கள்.

ரத்தம் எடுத்தார்கள். வெளிமாநிலத்துக்கு அனுப்பி எட்டு நாளில் ரிசல்ட். அதுவரை கறி, கொழுப்பு, சூப் எதுவும் கூடாது. தோல் டாக்டர் கொடுத்த சத்து மாத்திரையும் கூடாது, அந்த மாத்திரைக் கூடே மாட்டு எலும்புப் பசையில் செய்ததாம். கோழியும் மீனும் சாப்பிடலாம். வைத்தியத்துக்கு என்று எனக்கு இத்தனை நாளாகக் கொடுத்ததையெல்லாம் டாக்டர் சிவப்பு மையில் வட்டம் போட்டார். அத்தனையும் ஆடும் மாடும்தான்.

அக்டோபர் 15, செவ்வாய்

இவரிடம் சொன்னேன்.

"ஆட்டுக்கறி அலர்ஜியா? ஆட்டுக்கறியில அலர்ஜின்னு ஒங்கப்பன் பாட்டன் காலத்துல கேள்விப்பட்டுருக்கியா?" என்றார். பிறகு, "கோயிலுக்குப் போறேன்னுல்ல போன?" என்றார். பிறகு எழுந்து போய் கிடாவுக்குத் தண்ணீர் வைத்தார். அந்த வேலையை அவர் செய்து நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

கடை திறந்தோம். பத்தரை மணிக்கு இவர் கரண்டியோடு வந்தார். "ரிசல்ட்டுதான் வரலைல. ஒரு வாயி."

நான் கரண்டியைப் பார்த்தேன், இவர் தேக்சாவைப் பார்த்தார். ஒரு வாய்தான். பார்த்துச் சொன்னேன், அரைக்கை உப்பு குறைவு.

மூன்று பத்துக்குத் தோளெல்லாம் தடிப்பு. டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டேன். என் மேலேயே எனக்கு எரிச்சல். முதல் நாள் கடை, பிரியாணி கெட்டுப்போகக் கூடாது என்று வாயைத் திறந்தேனே, எனக்கு என்ன போர்டா வைத்திருக்கிறார்கள்?

அக்டோபர் 22, செவ்வாய்

ரிசல்ட் வந்துவிட்டது. டாக்டர் போனில் சொன்னார். "பாயிண்ட் ஒண்ணுக்கு மேல இருந்தாலே பாசிட்டிவ்மா. உங்களுக்குப் பதினெட்டு." கணக்குப் பரீட்சையில் நான் வாங்கியதைவிட அதிகம்.

இனி உண்ணி கடிக்காமல் பார்த்துக்கொண்டால் சில வருஷத்தில் குறையலாம், குறையாமலும் போகலாம். அடுத்த தடவை தொண்டை அடைத்தால் ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரம் இருக்குமா என்று சொல்ல முடியாது என்றார். கையோடு வைத்துக்கொள்ள ஊசி மருந்தும் எழுதியிருக்கிறார். தொடையில் குத்திக்கொள்ளும் விதத்தை வீடியோவில் காட்டினார்.

அக்டோபர் 23, புதன்

இவர் ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஒரு எழுத்தும் புரிந்திருக்காது.

"யாருகிட்டயும் சொல்லாத குணம். பிரியாணிக்காரன் பொண்டாட்டிக்குக் கறி ஆகலைன்னா, கறியே சரியில்லம்பாய்ங்க."

"சரி, சொல்லல. உப்பு யாரு பாக்குறது?"

மீசையைத் தடவினார். "நாக்குல வச்சுட்டுத் துப்பிரு."

"நீங்க பாருங்க. ஆவிய மோந்தே சொல்லிருவீங்களே, பரம்பரையா."

இவர் முகம் போன போக்கைப் பார்த்து, சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

அக்டோபர் 26, சனி

நான்கு நாளாகக் கடைச் சமையல்காரர் பாண்டி மாஸ்டர் உப்பு பார்க்கிறார். இருபது வருஷமாகப் புகையிலை போடுகிற வாய். கடல் தண்ணீரைக் கொடுத்தாலும் சப்பென்று இருக்கிறது என்பார்.

ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் சனிக்கிழமை தவறாமல் வருவார். இன்று பாதித் தட்டை வைத்துவிட்டுக் கை கழுவினார். "நல்லுசாமி, கை மாறிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இவர் சிரித்தபடி நின்றார். பிறகு அந்தத் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். மென்றார், நிறுத்தினார், திரும்ப மென்றார். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி இருந்தது. நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. வருஷத்திலேயே பெரிய நாள். பதினாறு தேக்சாவுக்கு ஆர்டர். நாளை கெட்டால் அடுத்த தீபாவளிக்கு ஊர் வேறு கடைக்குப் போய்விடும். இவருக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. எனக்கும்தான், ஆனால் அதை யார் கேட்டார்கள்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி.

எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஐந்து மணிக்கே கடையில் இருந்தோம். ஆறு மணிக்கு முதல் நான்கு தேக்சாவில் மசாலா கொதித்து, அரிசி போட வேண்டிய பக்குவம். அரிசி போட்டு மூடிவிட்டால் பிறகு உப்பைத் திருத்த முடியாது. வாசலில் தூக்குப் போசியோடு வரிசை நின்றுவிட்டது.

பாண்டி மாஸ்டர் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு கை போடலாம்" என்றார். மயிலாத்தா தலையில் கைவைத்தாள்.

இவர் என்னிடம் வந்தார். எல்லார் முன்னாலும் கரண்டியில் ஒரு துளி மசாலாவை எடுத்து நீட்டினார். "இன்னைக்கு ஒரு நாளு குணம். நாக்குல வச்சுத் துப்பிரு. ஊசிதான் கையில இருக்குல்ல."

கரண்டியை வாங்கினேன். தியாகமெல்லாம் இல்லை, வீம்பு. இந்த மனுஷன் எதுவரைக்கும் போவார் என்று பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஆஸ்பத்திரியில் கருப்பனைக் கூப்பிட்ட குரல் நிஜமா, இந்தக் குரல் நிஜமா? இவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே கரண்டியை மெதுவாகத் தூக்கினேன். மோவாய் வரை வந்தது. இவர் பேசவில்லை. உதடு வரை வந்தது. அப்போதும் பேசவில்லை. எனக்குள் என்னவோ விட்டுப்போனது. அப்படியானால் சரி, வைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

ஓங்கித் தட்டிவிட்டார். கரண்டி பறந்து போய்ச் சுவரில் அடித்து விழுந்தது. என் புதுச்சேலை முழுக்க மசாலா.

"வேணாம்" என்றார். மூச்சு வாங்கியது. பிறகு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "எனக்கு நாக்கு செத்துப்போச்சுய்யா. மூக்கும்தான். நாலு வருசமாச்சு. உப்பும் தெரியாது, ஊசிப்போனதும் தெரியாது. இவ்வளவு நாளும் இவ நாக்குலதான் கடை ஓடுச்சு."

பாண்டி மாஸ்டர் புகையிலையைத் துப்ப மறந்து விழுங்கிவிட்டார்.

மயிலாத்தாதான் முதலில் அசைந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு தேக்சாவிலும் கரண்டியை விட்டு உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள். "இதுல சரி. இதுல ஒரு கை கம்மி. இதுல அரைக்கை. இதுல மாஸ்டரு ஏற்கெனவே கை வச்சுட்டாரு, தயிரு ஊத்துங்க." சொன்னபடி செய்தோம். பன்னிரண்டு வருஷமாக எங்கள் முன்னாலேயே அவள் முதல் தட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் மீசைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தோம்.

பதினாறும் பதினொன்றரைக்குள் காலி. தாசில்தார் வீட்டிலிருந்து இரண்டாம் முறை ஆள் வந்தது.

கடை சாத்திய பிறகு இவர் என் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஒனக்கு எப்பத்துல இருந்து தெரியும்?"

"காய்ச்சல் முடிஞ்ச மறுவாரம். கருகின பால்ல காபி போட்டுட்டேன். குடிச்சுட்டு அளவா இருக்குன்னீங்க."

"ஏன் கேக்கல?"

"ஏன் சொல்லல?"

"நீ ரசம் வச்சா எப்படி இருக்கும்னு மறந்துபோச்சு குணம். கேக்க வெக்கமா இருந்துச்சு" என்றார்.

எனக்குக் கோபம் போகவில்லை. இப்போதும் போகவில்லை. உதடு வரை விட்டாரே. ஆனாலும் அழுதேன். கரண்டி சுவரில் அடித்த சத்தம் காதிலேயே இருக்கிறது.

இன்று நான் கறியைத் தொடவே இல்லை. அப்படியிருந்தும் இவர் இரண்டே முக்காலுக்கே கடிகாரத்தை ஒரு பார்வை, என் கையை ஒரு பார்வை என்று உட்கார்ந்திருந்தார். ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தார். ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும்.

நவம்பர் 5, செவ்வாய்

கிடா விஷயம் பாக்கி இருந்தது. வேண்டியதை மாற்ற முடியாது, வெட்டினால் எங்கள் வீட்டுப் பங்கை நான் தொட முடியாது. இவர் காலையில் கிடாவோடு கருப்பன் கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் பேசினார். காதில் ஒரு நறுக்கு வைத்து, சாமிக்கு நேர்ந்து உயிரோடு விட்டுவிடுவது என்று முடிவு. விட்டார்கள். கிடா கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இவர் ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே ஓடிவந்து பின்கட்டில் நின்றுகொண்டது. இனி அது சாமி ஆடு. சாகிற வரை எங்கள் வீட்டுச் சாப்பாடு.

மதினி தூக்குவாளியோடு வந்தார். இவர் வாசலிலேயே மறித்து, "இனி இந்த வீட்டுக்குள்ள சூப்பு வரக் கூடாதுக்கா" என்றார். மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். மந்திரம் போட்டுவிட்டேன் என்று தெருவெல்லாம் பேச்சு.

மதியம் நல்ல ரசம் வைத்தேன். இவர் டம்ளரில் ஊற்றிக்கொண்டு, "சொல்லு" என்றார். சொன்னேன். புளி கொஞ்சம் முன்னால், மிளகு பின்னால், பெருங்காயம் ஒரு கிள்ளு தூக்கல். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே குடித்தார்.

அதற்குப் பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிடாவைப் பிடித்து உட்கார்ந்தார். காது, கக்கம், வால் என்று ஒவ்வொரு மயிராக விலக்கி உண்ணி தேடினார். இடுக்கியால் பிடுங்கி மண்ணெண்ணெய்ப் போத்தலில் போட்டார். ஏழு கிடைத்தன. திண்டுக்கல்லின் பிரியாணிச் சக்கரவர்த்தி குத்தவைத்து உண்ணி எடுப்பதை அந்த யூடியூப் பையன்கள் வந்து படம் எடுக்க வேண்டும்.

எடுத்து முடித்துவிட்டு, "நீயும் இங்க வா, திரும்பி நில்லு" என்றார். அவருக்கு முட்டிவலி. முனகிக்கொண்டே தரையில் மண்டியிட்டு, என் முழங்காலுக்குப் பின்னால் கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்தார். பழைய தழும்பு இருக்கும் இடத்தை விரலால் தொட்டு, அதைச் சுற்றி இன்னொரு முறை பார்த்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார்.

மணி பார்த்தேன். மூன்று.